புது ஊரில் சபை தேடுவது எப்படி? சென்னைக்கு வந்திறங்கிய குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தாம்பரம் பக்கம் வாடகை வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பால் வாங்கப் போன வழியில் சபைப் பலகைகளை எண்ணிப் பார்த்தேன். ஒன்பது. ஒன்று மொட்டை மாடியில், ஒன்று கல்யாண மண்டபத்தில், ஒன்று தகரக் கொட்டகையில், மீதி சொந்தக் கட்டடங்களில். தூத்துக்குடி மாவட்டத்தில் தேரிக்காட்டை ஒட்டிய எங்கள் ஊரில் இந்தத் தலைவலியே கிடையாது. கோவில் ஒன்று, ஐயர் (போதகரை அப்படித்தான் சொல்வோம்) ஒருவர். அவர் பிரசங்கம் பிடிக்காவிட்டாலும் அவர்தான், அடுத்த மாற்றல் வரும்வரை. சபையை நாமே பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும் என்பது இங்கே வந்தபிறகுதான் உறைத்தது. எனக்கு அது முடிய ஒன்றரை வருடம் ஆயிற்று, நடுவில் பொருந்தாத ஒரு சபையில் கழித்த ஏழு மாதத்தையும் சேர்த்து.

வேலைக்காகவோ பிள்ளைகள் படிப்புக்காகவோ தெற்கிலிருந்து சென்னைக்கு வந்து சபை தேடுகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கும் கடைசிப் பக்கம் சில செய்திகள் இருக்கின்றன. பாட்டு எப்படி, பிரசங்கம் எப்படி என்று எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள். வீட்டில் ஒரு சாவு விழுந்தால் இந்தச் சபையிலிருந்து யார் வருவார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. நான் அந்தக் கேள்வியை முதலில் கேட்கச் சொல்லும் ஆள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

1. ஊரை விட்டுக் கிளம்பும் முன் வாங்க வேண்டிய காகிதங்கள்

சபை தேடும் வேலை சென்னையில் தொடங்குவதில்லை, ஊர்க் கோவில் அலுவலகத்தில் தொடங்குகிறது. குடும்பத்தில் ஒவ்வொருவரின் ஞானஸ்நானச் சான்றிதழ், திடப்படுத்தல் (ஞானஸ்நான விசுவாசத்தைப் பிறகு உறுதிசெய்யும் சடங்கு) பெற்றவர்களுக்கு அதற்கான சான்று, கல்யாணச் சான்றிதழ், கடைசியாகச் சந்தா கட்டிய ரசீது. கூடவே, "இவர்கள் எங்கள் சபையில் நல்ல நிலையில் இருந்த அங்கத்தினர்கள்" என்று ஐயர் எழுதித் தரும் மாற்றுக் கடிதம். அவர் மாற்றலாகிப் போவதற்குள் வாங்கிவிடுங்கள். புதியவருக்கு உங்களைத் தெரியாது. பதிவேட்டைப் புரட்டிக் கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆனவர்களும் உண்டு.

கத்தோலிக்கர்களுக்கு இது இன்னும் ஒழுங்கானது. திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், பெற்ற பங்கின் (கோவிலும் அதன் எல்லைக்குட்பட்ட குடும்பங்களும்) பதிவேட்டில்தான் பிறகு உறுதிபூசுதல் (திடப்படுத்தல்), திருமணம் எல்லாம் ஓரத்தில் குறிக்கப்படும். அதனால் கல்யாணப் பேச்சு வரும்போது பழைய சான்றிதழ் செல்லாது. ஆறு மாதத்துக்குள் எடுத்த புதுப் பிரதி கேட்பார்கள்.

இங்கே ஒரு முடிவும் எடுக்க வேண்டியிருக்கிறது. மாற்றுக் கடிதத்தைச் சென்னைச் சபையில் கொடுத்துவிட்டால் ஊர்ச் சபையில் உங்கள் அங்கத்துவம் முடிந்தது. ஊரில் ஓட்டு, கல்லறைத் தோட்டத்தில் இடம், அசனப் பண்டிகையில் (சபையார் சேர்ந்து சாப்பிடும் விருந்து) குடும்பப் பெயருக்கு ஒரு வரி எல்லாம் அதோடு கட்டியிருக்கிறது. அதனால்தான் பலர் சந்தாவை ஊரில் கட்டிவிட்டு இருபது வருடம் சென்னைச் சபையில் விருந்தாளியாகவே உட்கார்ந்திருக்கிறார்கள். அது தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் இங்கே மகளுக்குக் கல்யாணம் என்று வரும்போது "நீங்கள் எங்கள் அங்கத்தினர் இல்லையே" என்று கமிட்டி செயலர் சொன்னால் கோபப்படக் கூடாது.

2. பலகையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பெயரில் "ஜெப வீடு", "சுவிசேஷ ஆலயம்", "ஜீவ" ஏதோ ஒன்று என்றிருக்கும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. உள்ளே எந்த மரபு என்பதுதான் செய்தி.

கத்தோலிக்கர்களுக்குத் தேர்வே இல்லை என்று சொல்லலாம். வீடு எந்தப் பங்கின் எல்லைக்குள் வருகிறதோ அதுதான் உங்கள் பங்கு. பக்கத்துப் பங்கில் ஃபாதரின் மறையுரை நன்றாக இருந்தால் அங்கே பூசைக்குப் போகலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் கல்யாண ஓலையும் (கோவிலில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பு) திருமுழுக்கும் சொந்தப் பங்கு அலுவலகம் வழியாகத்தான். போய்ப் பெயர் பதிந்து குடும்ப அட்டை வாங்குங்கள், எந்த அன்பியத்தில் வருகிறீர்கள் என்று கேளுங்கள். ஒரு தெருவில் இருக்கிற சில குடும்பங்கள் மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கிற ஏற்பாடு அது. ஆயிரம் குடும்பமுள்ள பங்கில் உங்கள் முகம் யாருக்காவது தெரிய வேண்டுமென்றால் அதுதான் வழி.

சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் உருவானது. தென்னிந்தியாவின் ஆங்கிலிக்கன் சபைகள், பிரிட்டிஷ் மெதடிஸ்ட் சபைகள், 1908-லேயே ஒன்றாகிவிட்ட பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் எல்லாம் அன்று சேர்ந்தன. சேர்ந்து முக்கால் நூற்றாண்டு தாண்டியும் பழைய வாசனை போகவில்லை. நாசரேத், பாளையங்கோட்டைப் பக்கம் ஆங்கிலிக்கன் வழி: அங்கி, ஆராதனை முறைமைப் புத்தகம், முழங்காலில் நின்று பாவ அறிக்கை. நாகர்கோவில் பக்கம் லண்டன் மிஷன் வழி, மதுரைப் பக்கம் அமெரிக்க மிஷன் வழி: எழுதி வைத்த ஜெபத்தைவிட வாயில் வரும் ஜெபத்துக்கும் பிரசங்கத்துக்கும் அங்கே இடம் அதிகம். சென்னையில் இரண்டு வகைக் கோவில்களும் இருக்கின்றன, பலகையில் எழுத்து ஒன்றுதான். மயிலாடிக்காரர் ஒருவர் ஆங்கிலிக்கன் மரபுக் கோவிலில் போய் உட்கார்ந்துவிட்டு "இது பூசை மாதிரி இருக்கே" என்று என் காதில் சொன்னார். அவருக்கு வேண்டிய சி.எஸ்.ஐ. நாலு பஸ் நிறுத்தம் தள்ளி இருந்தது.

லுத்தரன் சபைகளுக்கு வேர், 1706-ல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கியதில். 1919-ல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் தலைமையகம் திருச்சியில் இருக்கிறது. அதன் பேராயரை இன்றும் தரங்கை பேராயர் என்பார்கள். ஆற்காடு லுத்தரன், இந்திய சுவிசேஷ லுத்தரன் இரண்டும் தனி நிர்வாகங்கள். சி.எஸ்.ஐ.யிலிருந்து போகிறவருக்கு இவை அவ்வளவாக அந்நியமாகத் தோன்றாது, பாமாலையும் கீர்த்தனையும் இங்கேயும் உண்டு. அமெரிக்க மெதடிஸ்ட் மரபுச் சபைகள் 1947-ல் சேராமல் தனியாகவே நிற்கின்றன. இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். அங்கே ஞானஸ்நானமும் திருவிருந்தும் (அப்பமும் ரசமும் பெறுவது) சடங்காக நடப்பதில்லை என்பதை மட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

பிரதரன் அசெம்பிளிகளில் சம்பளத்துக்குப் போதகர் என்ற ஏற்பாடு பெரும்பாலும் இருக்காது, மூப்பர்கள் நடத்துவார்கள். ஞாயிறுதோறும் அப்பம் பிட்குதல். பெண்கள் தலையில் முக்காடு, சபையில் பிரசங்கிப்பதில்லை. வேதத்தை வரிவரியாகப் படிக்கிறவர்கள், அந்த விஷயத்தில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

பெந்தெகொஸ்தே என்ற ஒரே சொல்லுக்குள் பல உலகங்கள். அசெம்பிளீஸ் ஆஃப் காட் போன்ற அமைப்புகளில் போதகருக்கு மேலே கேள்வி கேட்க ஆள் உண்டு. இலங்கையில் தொடங்கி, தாம்பரம் இரும்புலியூரில் பெரிய மையம் வைத்திருக்கும் பெந்தெகொஸ்தே மிஷனில் ஊழியர்கள் வெள்ளை உடை, கல்யாணமில்லாத வாழ்க்கை, விசுவாச வீட்டில் குடியிருப்பு என்று கடுமையான ஒழுங்கோடு இருப்பார்கள். சில சபைகளில் நகை கூடாது, தாலிகூடக் கூடாது. அப்புறம் தனிச் சபைகள். ஒரு பாஸ்டர் தொடங்கி அவரே நடத்துவது. இதில் மிக நல்லவையும் உண்டு, மிக மோசமானவையும் உண்டு. பாஸ்டர் நல்லவராக இருக்கும்வரை சபை நல்லது. அவருக்கு மேலே யாரும் இல்லை என்பதுதான் இதில் உள்ள கண்ணி.

ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகளுக்கு ஆராதனை சனிக்கிழமை. யெகோவாவின் சாட்சிகள் திரித்துவத்தை (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பதை) ஏற்பதில்லை, இரத்தம் ஏற்றிக்கொள்வதில்லை. மற்றச் சபைகள் அவர்களைத் தங்களோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. "இயேசுவின் நாமத்தில் மட்டும்" ஞானஸ்நானம் கொடுக்கும் ஒருமைப் பெந்தெகொஸ்தேயினரும் திரித்துவத்தை மறுப்பவர்கள்தான். மேடைப் பாட்டு ஒரே மாதிரி இருப்பதால் இது முதல் நாளில் தெரியாது. ஞானஸ்நானம் எந்த வார்த்தை சொல்லிக் கொடுப்பீர்கள் என்று கேளுங்கள், தெரிந்துவிடும்.

3. வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டியது

எந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டீர்கள் என்று கணவனும் மனைவியும் தனித்தனியாக ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். எங்கள் வீட்டில் செய்தோம். இருவரும் எழுதியதில் ஒன்றுதான் பொதுவாக இருந்தது.

பெரிய பிரிவு ஞானஸ்நானத்தில்தான் வரும். கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., லுத்தரன் எல்லாம் குழந்தைக்குக் கொடுப்பவர்கள். பிரதரன், பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகள் வளர்ந்தபின் முழுக்கு. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனால் பல சபைகளில் முழுக்கு எடுத்தால்தான் அங்கத்தினர், எடுத்தால்தான் அப்பம். எடுத்துவிட்டுப் பிறகு சி.எஸ்.ஐ.க்குத் திரும்பி வந்தால், முதல் ஞானஸ்நானத்தை மறுத்ததாகப் பார்த்து ஐயர் விளக்கம் கேட்பார். இரண்டு பக்கமும் காரணத்தோடுதான் நிற்கிறார்கள். ஒரு கூட்டத்தின் உணர்ச்சியில் தண்ணீரில் இறங்கிவிட்டு மறுவாரம் யோசிக்காதீர்கள், அவ்வளவுதான்.

அடுத்தது பெண்களின் இடம். சி.எஸ்.ஐ. 1976-லேயே பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தது. 2013-ல் நந்தியால் பேராயத்துக்கு ஒரு பெண் பேராயராகவே வந்துவிட்டார். மறுபுறம், பெண் ஒலிபெருக்கியைத் தொடக்கூடாது என்கிற சபைகளும் அதே தெருவில் இருக்கின்றன. உங்களுக்கு மகள் இருந்தால் இதை யோசியுங்கள்.

மூன்றாவதற்கு விவாதமே தேவையில்லை. மருந்தை நிறுத்து, இன்சுலினைத் தூக்கிப் போடு, ஆஸ்பத்திரிக்குப் போவது அவிசுவாசம் என்று எந்த மேடையிலிருந்து வந்தாலும் அன்றே எழுந்து வந்துவிடுங்கள். சுகத்துக்காக ஜெபிப்பது வேறு.

4. போய்ப் பார்ப்பது: நான்கு தடவை, நான்கு விதமாக

ஒரு ஞாயிறு போதாது. கிறிஸ்துமஸ், ஈஸ்டர், அறுப்பின் பண்டிகை, கன்வென்ஷன் நாளில் போய்ப் பார்ப்பது பெண் பார்க்கிற அன்று சாப்பிட்ட கேசரியை வைத்துச் சமையலை முடிவு செய்வது மாதிரி. ஒன்றுமே விசேஷமில்லாத ஒரு ஞாயிறு, முடிந்தால் ஜூலை மழை நாள். அன்று வருகிறவர்கள்தான் சபை.

இரண்டாவது, திருவிருந்து நாள். பல சி.எஸ்.ஐ. கோவில்களில் மாதத்தின் முதல் ஞாயிறு. வேறு சபையில் திடப்படுத்தல் பெற்றவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்களா, விருந்துக்கு வராமல் உட்கார்ந்திருப்பவரை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். கத்தோலிக்கப் பூசையில் மற்றவர்களுக்கு நற்கருணை கிடையாது. வரிசையில் போய் நின்று சங்கடப்படாதீர்கள்.

மூன்றாவது, வாரநாளில் ஒரு வீட்டு ஜெபம். ஒரு சபையின் உண்மையான குரல் அங்கேதான் கேட்கும். அடுத்த வீட்டுக்காரரைப் பற்றி ஜெபம் என்ற பெயரில் புறணி போகிறதா, வேலை போனவர் அதை வாய்விட்டுச் சொல்ல முடிகிறதா, காப்பி யார் போடுகிறார்கள், பாத்திரம் யார் கழுவுகிறார்கள்.

நான்காவது, வாரநாளில் அலுவலகத்துக்கோ பாஸ்டர் வீட்டுக்கோ ஒரு நடை. முன்கூட்டிச் சொல்லாமல் போகவேண்டாம், அது மரியாதையில்லை. ஒரு தொலைபேசி போட்டுவிட்டுப் போங்கள். "ஐயா, ஊரிலிருந்து புதிதாக வந்திருக்கிறோம், சபை பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று சொன்னால் நல்ல போதகர் முதலில் உங்கள் ஊர்ச் சபையைப் பற்றிக் கேட்பார். எங்கே வேலை, என்ன சம்பளம் என்று தொடங்கினால் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பலாம்.

பிரசங்கத்தில் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. வாசித்த வேதபகுதிக்கும் பேசியதற்கும் சம்பந்தம் இருந்ததா? முக்கால் மணி நேரப் பிரசங்கத்தில் பாஸ்டர் போன வெளிநாடுகளின் பட்டியல் அரை மணி நேரம் என்றால் அதற்கு வேதாகமம் திறந்திருக்க வேண்டியதில்லை. மற்றபடி குரல், நகைச்சுவை, கீபோர்டு எல்லாம் பழகிவிடும்.

5. காசு

காணிக்கை கேட்காத சபை கிடையாது, கேட்பதில் குற்றமும் இல்லை. கரண்ட் பில் கட்ட வேண்டும், ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். கேட்கும் விதத்தைப் பாருங்கள். தசமபாகம் கொடுக்காததால்தான் நோய் வந்தது என்று சொல்லும் இடத்தில், பத்தாயிரம் விதைத்தால் லட்சம் அறுப்பாய் என்று சொல்லும் இடத்தில் நிற்காதீர்கள்.

மூன்று கேள்விகள் கேட்கலாம், மரியாதையாக. கட்டடம் யார் பெயரில் இருக்கிறது? வருடக் கணக்கைத் தணிக்கை செய்து அங்கத்தினர் முன் வாசிக்கிறார்களா? கணக்கில் கையெழுத்துப் போடுகிறவர்கள் எத்தனை குடும்பம்? பாஸ்டர், அவர் மனைவி, மகன் என்று மூவருமே அறங்காவலர்கள் என்றால் அது சபையில்லை, குடும்பச் சொத்து. உங்கள் காணிக்கை அதில் செங்கல்லாகப் போகிறது.

சி.எஸ்.ஐ.க்காரர்கள் இந்த இடத்தில் ரொம்பவும் நிமிர்ந்து உட்கார வேண்டாம். நம்மிடம் கமிட்டி உண்டு, தணிக்கை உண்டு, திருமண்டலத் (பேராயத்) தேர்தலும் உண்டு. அந்தத் தேர்தலுக்கு வாகனப் பிரச்சாரம், பிரியாணி, நீதிமன்ற வழக்கு எல்லாம் நடப்பது ஊரறிந்தது. சேரப்போகும் கோவிலில் இரண்டு அணிகள் இருந்தால், இரண்டு பக்கமும் உங்கள் வீட்டுக்கு முதல் மாதமே வந்துவிடுவார்கள். டீ கொடுங்கள், வாக்குக் கொடுக்காதீர்கள்.

6. சாதி இருக்கிறதா என்று பார்ப்பது

இதைக் கேட்டால் "சபையில் ஏது சாதி?" என்றுதான் பதில் வரும். 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் ஆங்கிலிக்கன் சபைகளில் சாதி வேறுபாடு கூடாது என்று உத்தரவு போட்டபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பெரிய சண்டை நடந்தது. யாருடைய கீர்த்தனைகளை உருகிப் பாடுகிறோமோ அந்தத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்கூட அந்தக் காலத்துச் சர்ச்சையில் சாதி வழக்கத்தின் பக்கம்தான் எழுதினார். வடக்கன்குளத்தில் கத்தோலிக்கக் கோவிலையே இரண்டு கையாகக் கட்டி நடுவில் சுவர் வைத்திருந்தார்கள், 1910-ல்தான் சுவர் போனது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதி பிரித்த சுவர் நம் காலத்துச் செய்தி.

சென்னையில் சுவர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் வேறு இடங்களில் பாருங்கள். கடந்த நாலைந்து கமிட்டிகளின் பெயர்கள் பெரும்பாலும் கல்வெட்டில் இருக்கும், எல்லாம் ஒரே ஊர், ஒரே கூட்டமா? கல்யாண அறிவிப்புகளில் வெளியே கட்டியவர்கள் உண்டா? சபைக்குள் வரன் பார்க்கும்போது "நம்ம ஆளுகளா" என்ற வார்த்தை எவ்வளவு சீக்கிரம் வருகிறது? என்னிடம் பேச்சுக்கொடுத்த ஒரு பெரியவர் ஊர்ப் பெயர் கேட்டார், பிறகு தெருப் பெயர் கேட்டார். தெருவைக் கேட்டது எதற்கென்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

7. கல்யாணமும் சாவும்

நான் முதலில் சேர்ந்த சபையில் பாட்டு அருமை. குளிர்சாதன வசதி, பெரிய திரை, வாசலில் கைகொடுத்து வரவேற்கும் பிள்ளைகள். ஏழாவது மாதம், எங்களோடு இருந்த என் மாமியார் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு இறந்துபோனார். சபை எண்ணுக்கு அழைத்தேன். பாஸ்டர் வெளிநாட்டு ஊழியத்தில் இருக்கிறார், ஜெபித்துக்கொள்கிறோம் என்றார்கள். அடக்கத்துக்கு இடம் கேட்டபோது, எங்களுக்குக் கல்லறை கிடையாது பிரதர் என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, நான்தான் முன்பே கேட்கவில்லை. இரவு பதினொரு மணிக்கு அடுத்த தெரு சி.எஸ்.ஐ. கோவிலிலிருந்து, எங்களை யாரென்றே தெரியாத நாலு பாட்டிமார் பாமாலைப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். ஃப்ரீசர் பெட்டிக்கு யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள். விடியும்வரை பாடினார்கள். காலையில் அந்தக் கோவில் ஐயர் வந்து ஜெபித்து அனுப்ப, அறுநூறு கிலோமீட்டர் ஆம்புலன்சில் ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தோம்.

சென்னையில் அடக்கம் என்பது தனிப் பிரச்சினை. கீழ்ப்பாக்கம், காசிமேடு கல்லறைத் தோட்டங்களை மெட்ராஸ் கல்லறை வாரிய அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது. கீழ்ப்பாக்கத்தில் புது இடம் கிடைப்பது அரிது. குடும்பத்தின் பழைய கல்லறையைத் திறந்து அதிலேயே வைக்கிறார்கள். சபைக்குச் சொந்தத் தோட்டம் உண்டா, இல்லையென்றால் எந்தத் தோட்டத்தில் உரிமை, அதற்கு எத்தனை வருட அங்கத்துவம் வேண்டும், எவ்வளவு கட்ட வேண்டும், சபைக் கடிதத்தை நள்ளிரவில் யார் தருவார்? இவற்றை உயிரோடு எல்லோரும் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அபசகுனம் என்று நினைக்காதீர்கள். நல்ல கமிட்டிக்காரர் முகம் சுளிக்காமல் பதில் சொல்வார்.

கல்யாணத்துக்கு வருவோம். இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் 1872-ஆம் வருடத்தது, இன்றும் அதுதான். அதன்படி எல்லாப் பாஸ்டரும் கல்யாணம் செய்துவைத்துச் சான்றிதழ் கொடுத்துவிட முடியாது. கத்தோலிக்கக் குருக்கள், சி.எஸ்.ஐ. ஐயர்மார் போன்றோருக்குச் சபைப் பட்டத்தால் அந்த அதிகாரம் உண்டு. மற்றவர்களுக்கு அரசின் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாதவர் ஜெபித்து நடத்திய கல்யாணத்தில் விசா, வாரிசுச் சான்று என்று வரும்போது சிக்கல் முளைக்கும். "பாஸ்டர், மேரேஜ் லைசென்ஸ் இருக்கிறதா?" என்று நேராகவே கேட்கலாம். யார் நடத்தினாலும் தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிவு செய்வது தனி வேலை.

ஓலை வாசிப்பதும் நினைவிருக்கட்டும். மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும், மாப்பிள்ளை சபையிலும் பெண் சபையிலும். இரண்டு சபையும் ஒன்றையொன்று ஏற்காதவையாக இருந்தால் கடிதம் வாங்குவதற்குள் மண்டபத் தேதி போய்விடும்.

8. பிள்ளைகள்

ஓய்வுநாள் பள்ளிக்கு (சண்டே ஸ்கூல்) ஒருமுறை பின்னால் போய் நில்லுங்கள். ஆசிரியர் எத்தனை பேர், மூடிய அறையில் ஒருவர் தனியாகப் பிள்ளைகளோடு இருக்கிறாரா, முகாமுக்குக் கூட்டிப்போனால் பெண் ஆசிரியைகள் உடன் போகிறார்களா? ஏதாவது புகார் வந்தால் சபைக்குள்ளேயே "மன்னித்துவிடுவோம்" என்று முடிப்பார்களா என்று கேளுங்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ன் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும், மன்னிப்பு அதற்கு மாற்று ஆகாது.

மொழியும் ஒரு சண்டை. பிள்ளைகள் ஆங்கில ஆராதனை கேட்பார்கள், தாத்தாவுக்குத் தமிழ் வேண்டும். ஒரே கோவிலில் காலையில் ஒன்று, பிறகு ஒன்று நடக்கிற இடமாகப் பார்த்தால் குடும்பம் ஒரே வண்டியில் போய்வரலாம்.

9. புதிதாக வருகிறவர்களுக்கு

ஞானஸ்நானத்துக்கு அவசரப்படுத்துகிற சபை வேண்டாம். ஆறு மாதமாவது வகுப்பு எடுத்து, வீட்டாரோடு பேசி, நீங்களே கேட்டு வரட்டும் என்று காத்திருக்கிற போதகரைத் தேடுங்கள். சட்டப் பக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்தர்களுக்கு மட்டுமே பட்டியல் சாதித் தகுதி. கிறிஸ்தவராக மாறினால் அது போய்விடும், தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். இது நியாயமா என்ற வழக்கு பல வருடமாக நடக்கிறது. "சர்டிஃபிகேட்டில் பழையபடி இருக்கட்டும், ஒன்றும் ஆகாது" என்று பாஸ்டர் சொன்னால், மாட்டப்போவது அவரில்லை. புதுப் பெயர் வைத்தாலும் அரசிதழில் மாற்றாதவரை ஆதாரில் பழைய பெயர்தான்.

10. சேர்வது

முடிவு செய்துவிட்டால் இழுக்காதீர்கள். மாற்றுக் கடிதம், சான்றிதழ்களின் நகல்கள், குடும்பப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போய் விண்ணப்பம் எழுதிக்கொடுங்கள். கமிட்டி கூடி ஏற்றுக்கொள்ள ஒன்றிரண்டு மாதம் ஆகலாம். ஓட்டுரிமைக்கு இவ்வளவு காலம் தொடர்ந்து சந்தா கட்டியிருக்க வேண்டும், திருவிருந்தில் பங்கெடுத்திருக்க வேண்டும் என்றெல்லாம் விதி இருக்கும், அதையும் கேட்டுவிடுங்கள்.

முதல் வருடம் எந்தப் பொறுப்பும் ஏற்காதீர்கள். பாடத் தெரியும் என்றால் பாடகர் குழுவில் நில்லுங்கள், அது போதும். கணக்குத் தெரியும் என்று மட்டும் வாயைத் திறக்க வேண்டாம். நான் திறந்தேன், இப்போது மூன்றாவது தவணையாகப் பொருளாளர்.

ஒருவேளை ஒத்துவரவில்லை என்றால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். போதகரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சந்தா பாக்கியில்லை என்று எழுதி வாங்கி, புது மாற்றுக் கடிதமும் கேளுங்கள். தர மறுத்தால் ஊரிலிருந்து கொண்டுவந்த கடிதத்தின் நகல் கைகொடுக்கும். அதனால் முதல் கடிதத்தைக் கொடுக்கும் முன் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைப் பீரோவில் நிலப்பத்திரத்தோடு வையுங்கள். எங்கள் வீட்டில் அது மாமியாரின் பாமாலைப் புத்தகத்துக்குள் இருக்கிறது.